மீட்டரைத் திறந்து காட்டுங்கள்!

கல்லூரிகளில் இப்போது ஒரு போட்டி பரவலாகி விட்டது. 'மாணவர்களால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைக்க ஒரு செயலி வடிவமையுங்கள்' என்பது அதன் தலைப்பு. கணினி படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரவு பகலாக உட்கார்ந்து ஒரு செயலியை உருவாக்குகிறார்கள். பச்சை இலை, வளரும் மரம், புள்ளிகள், பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். நடுவர்கள் பாராட்டுவார்கள். மேடையில் கேடயம் வழங்கப்படும். புகைப்படம் எடுக்கப்படும். அத்துடன் கதை முடிந்தது. அடுத்த மாதம் அந்தச் செயலியை உருவாக்கிய மாணவர்களே அதைத் திறந்து பார்ப்பதில்லை.

குறை மாணவர்களிடம் மட்டும் இல்லை. 'இம்மாதம் எங்கள் விடுதியில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது?' என்று அந்த மாணவன் கேட்டால், விடையைச் சொல்ல அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது. கரண்ட் பில் அலுவலகத்துக்கு வருகிறது. காசாளர் பணம் கட்டுகிறார். ரசீது கோப்புக்குள் போய் விடுகிறது. எண்ணையே காட்டாமல் வைத்துக் கொண்டு எண்ணைக் குறைக்கச் செயலி கேட்பது என்ன நியாயம்?

இது கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணி யாரும் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். கல்லூரியில் படிக்கும் இளைஞர்களுக்கும், கல்லூரிகளை நடத்தும் வணிகப் பெருமக்களுக்கும் இதில் சம பங்கு இருக்கிறது.

ஏன் கவலைப்பட வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். கடைகளுக்குள் புகுந்த வெள்ளம் சரக்குகளைக் கொண்டு போனது. வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் பலரின் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு போனது.

ஒரே ஒரு மழையைக் காட்டி 'இதற்குக் காரணம் பூமி சூடானதுதான்' என்று தீர்ப்பு எழுதி விட முடியாது. ஆனால் அறிவியல் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கி நிற்கக் கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெய்யும்போது அந்தக் கூடுதல் நீரும் சேர்ந்துதான் இறங்கும். நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதால் சேரும் கரியமில வாயுதான் பூமியைச் சூடாக்கும் முதற்காரணம் என்பதில் இன்று அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கரியமில வாயுக் கணக்கு என்றால் என்ன?

'கார்பன் தடம்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மனிதன், ஒரு வீடு, ஒரு கல்லூரி தன்னுடைய செலவுகளால் காற்றில் எவ்வளவு கரியமில வாயுவையும் அதைப் போன்ற வாயுக்களையும் சேர்க்கிறது என்ற கணக்குதான் அது. வணிகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்று வரவுப் பேரேட்டில் ரூபாய்க்குப் பதிலாகக் கிலோ என்று எழுதினால் அதுதான் கார்பன் தடம்.

நம் நாட்டுக் கணக்கு மிக எளிது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. விடுதிச் சமையலறையில் பயன்படும் 19 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 57 கிலோ. இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக் கொண்டால் ஒரு விடுதியின் கணக்கில் பெரும் பகுதியைப் போட்டு விடலாம்.

'இது நம் வேலையா?'

சில சகோதரர்கள் கேட்கலாம்: 'உலகத்தைக் கெடுத்தவர்கள் பணக்கார நாட்டவர்கள். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஓர் இந்தியரின் சராசரி சுமார் 2 டன்தான். அப்படியிருக்க ஹாஸ்டலில் நாலு பேர் ஒரு அறையில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவனிடம் வந்து விசிறியை நிறுத்து என்பது என்ன நீதி?'

இக்கேள்வி நியாயமானதே. இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்கிறோம். கார்பன் தடம் என்ற சொல்லை உலகமெங்கும் விளம்பரம் செய்து பரப்பியதில் பெரும் பங்கு பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்கு உண்டு. 'உங்கள் தடம் எவ்வளவு?' என்று கேட்டு 2004-ஆம் ஆண்டு ஒரு கணக்குப் பொறியையே அது மக்கள் முன் வைத்தது. எண்ணெய் விற்பவர், எண்ணெய் வாங்குபவரைப் பார்த்து 'நீ எவ்வளவு எரித்தாய்?' என்று கேட்ட வேடிக்கை அது! தன் பக்கம் திரும்ப வேண்டிய விரலை மக்கள் பக்கம் திருப்பி விட்டது என்று பலரும் அதைக் கண்டித்திருக்கிறார்கள்.

ஆகவே தனி மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் செயலி நமக்குத் தேவையில்லை. ஆனால் அதனால் கணக்கே வேண்டாம் என்று ஆகி விடுமா? ஆகாது. சராசரி 2 டன் என்பது எல்லா இந்தியரும் 2 டன் என்று பொருள் தராது. குடிசையில் ஒரு விளக்கு எரிப்பவரும், நாலு ஏ.சி.யும் இரண்டு காரும் வைத்திருப்பவரும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. அதுபோலவே ஒரு கல்லூரிக்குள்ளும் விசிறி மட்டும் சுழலும் விடுதி அறையும் உண்டு. ஆளில்லாத நேரத்திலும் ஏ.சி. ஓடும் கருத்தரங்கக் கூடமும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் பழி ஏழையின் தலையில்தான் விழும்.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

மாணவர் விடுதிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் 2005-ஆம் ஆண்டு விடுதிகளுக்கு இடையே இரண்டு வாரப் போட்டி ஒன்று நடந்தது. எந்த விடுதி மின்சாரத்தை அதிகம் குறைக்கிறது என்பதுதான் போட்டி. இரண்டு விடுதிகளில் மட்டும், அந்தந்த நேரத்தின் செலவை உடனுக்குடன் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. மற்ற விடுதிகளுக்கு வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். முடிவு என்ன? எல்லா விடுதிகளுமாகச் சேர்ந்து 32 சதவீதம் மின்சாரம் குறைந்தது. உடனுக்குடன் பார்க்க முடிந்த இரண்டு விடுதிகளில் 55 சதவீதம் குறைந்தது. வாரம் ஒருமுறை மட்டும் எண் தெரிந்த விடுதிகளிலும் 31 சதவீதம் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை ஒரு மனிதர் போய் மீட்டரைப் பார்த்து எழுதிப் போட்டதே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பயன் தந்திருக்கிறது. விலையுயர்ந்த கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகி விடாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் இன்னொரு சோதனை நடந்தது. 2014-இல் அதன் முடிவு வெளியானது. 66 அறைகளை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் செலவை அவரவர்க்கு மட்டும் தெரிவித்தார்கள். பலன் இல்லை. இன்னொரு பிரிவினருக்கு, யார் சராசரியை விடக் குறைவு, யார் அதிகம் என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டினார்கள். 20 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அம்மாணவர்கள் தங்கள் மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் கட்டுபவர்கள் அல்லர். பணம் மிச்சமாகும் என்ற ஆசையால் அல்ல, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தால் குறைத்தார்கள்.

மூன்றாவது ஒரு பாடமும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் வீடுகளுக்கு, 'உங்கள் செலவு இவ்வளவு, உங்கள் தெருவின் சராசரி இவ்வளவு' என்று எழுதித் தெரிவித்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக் கொண்டார்கள். ஆனால் ஏற்கனவே குறைவாகச் செலவழித்தவர்கள், 'அடடே, நாம்தான் ரொம்பச் சிக்கனமாக இருக்கிறோம் போலும்' என்று கூட்டி விட்டார்கள்! அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டிய பிறகே அவர்கள் கூட்டாமல் நின்றார்கள். சராசரியை மட்டும் காட்டும் செயலி நல்லவரையும் கெடுத்து விடும் என்பதற்கு இது சான்று.

இந்த மூன்று சோதனைகளிலும் செயலி என்ற பொருளே இல்லை என்பதைக் கவனியுங்கள். எண் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. அடிக்கடி தெரிந்தது. அவ்வளவுதான். செயலி என்பது இந்த மூன்றையும் எளிதாக்கும் கருவியே தவிர வேறில்லை.

செயலி எப்படி இருக்க வேண்டும்?

இதை உருவாக்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும் காட்ட வேண்டும். 'சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், 10 புள்ளி' என்று போட்டு விட்டு ஏ.சி.யைப் பற்றிப் பேசாத செயலிகள் இருக்கின்றன. கைபேசியை ஒருமுறை முழுவதும் சார்ஜ் செய்யச் சுமார் 0.02 யூனிட் போதும். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.4 யூனிட். அதாவது ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடுவதும், கைபேசியை எழுபது தடவை சார்ஜ் செய்வதும் சமம். ஒரு வாளி தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டு வர ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். அந்த அரை யூனிட்டில் ஒரு சாதாரண விசிறியை ஆறு மணி நேரம் ஓட்டலாம். சில்லறைக் கணக்கில் கண்ணும் கருத்துமாக இருந்து மொத்தக் கொள்முதலில் கோட்டை விட்டவன் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இது வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாதா?

இரண்டாவது, மாணவனைக் கணக்கப்பிள்ளை ஆக்கக் கூடாது. காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை நிமிடம் குளித்தாய், எத்தனை கிலோமீட்டர் போனாய் என்று தினமும் இருபது கேள்வி கேட்டால் எவனும் ஒரு வாரத்துக்கு மேல் பதில் சொல்ல மாட்டான். விடுதிக்கு ஒரு மீட்டர் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒருமுறை, ஒரே ஒருவர், அந்த எண்ணைப் பதிந்தால் போதும். மீதிக் கணக்கைச் செயலி போட்டுக் கொள்ளட்டும்.

மூன்றாவது, அறைக்கு அறை, ஆளுக்கு ஆள் ஒப்பிட வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் அறைவாரியாக ஒட்டியது பலன் தந்தது உண்மைதான். ஆனால் அங்கே அறைக்கு அறை அளக்க வசதி இருந்தது. நம் விடுதிகளில் பெரும்பாலும் அது கிடையாது. அளக்காமல் யூகத்தில் ஒருவரைச் சிவப்புப் பட்டியலில் போடுவது அநியாயம். இரவில் மூச்சிரைப்புக்கு மருந்துக் கருவி வைத்துக் கொள்ளும் மாணவனையும், விடிய விடிய விளக்கில் படிக்கும் மாணவனையும் ஊர் சிரிக்க வைத்து விடக் கூடாது. ஓபர்லினில் கட்டடத்துக்குக் கட்டடம் நடந்த போட்டியே நமக்குப் பொருத்தம். அதிலும் மொத்த யூனிட்டைப் பார்க்காமல் தலைக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். நூறு பேர் தங்கும் கட்டடத்தையும் முந்நூறு பேர் தங்கும் கட்டடத்தையும் அப்படியே ஒப்பிடுவது கணக்கல்ல. குறைத்தவர்களைப் பாராட்டவும் மறக்கக் கூடாது. சான் மார்கோஸ் சொல்லும் பாடம் அதுதான்.

நான்காவது, வெளிநாட்டு அட்டவணையை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. அமெரிக்காவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.4 கிலோவுக்கும் குறைவாகவே கரியமில வாயு வெளியாகிறது. நம் நாட்டில் நிலக்கரி அதிகம் எரிவதால் 0.7. அங்கே எழுதிய செயலியின் எண்ணை இங்கே போட்டால் நம் கணக்கு ஏறத்தாழ பாதியாகத் தெரியும்.

உணவு விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. ஆடு, மாடு ஆகியவற்றின் இறைச்சிக்கு வாயுக் கணக்கு அதிகம் என்பது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 2018-இல் வெளியான, உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பாலாடைக் கட்டிக்குக் கோழிக்கறியை விட இரு மடங்குக்கு மேல் கணக்கு வருகிறது என்றும் காட்டியிருக்கிறது. நெல் வயலிலிருந்தும் மீத்தேன் என்ற வாயு வெளியாகிறது. பால், நெய், அரிசி எல்லாவற்றையும் பச்சை நிறத்தில் போட்டு விட்டு இறைச்சியை மட்டும் சிவப்பு நிறத்தில் காட்டும் செயலி அறிவியல் செயலி ஆகாது. சுற்றுச்சூழலின் பெயரால் அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கும் வேலை அது. எல்லாவற்றுக்கும் ஒரே தராசு இருக்கட்டும். அப்போது யாருக்கும் மனக்குறை வராது.

உண்மையில் விடுதி உணவில் முதலில் குறைக்க வேண்டியது வீணாக்குவதைத்தான். 2022-ஆம் ஆண்டு உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. மக்களுக்குக் கிடைத்த உணவில் இது 19 சதவீதம். பட்டினியோடு மக்கள் படுக்கும் உலகில்தான் இது நடக்கிறது. மெஸ்ஸில் மிச்சம் கொட்டும் வாளியைத் தினமும் எடை போட்டு அந்த எண்ணையும் செயலியில் ஏற்றுங்கள். இந்த வாரம் எந்தக் கிழமை அதிகம் வீணானது என்று தெரிந்தால் சமையல்காரர் அடுத்த வாரம் அளவைக் குறைப்பார். இதில் சைவம் அசைவம் என்ற பேச்சே இல்லை.

ஐந்தாவது, பயணக் கணக்கு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 46 கிராம். இருவர் போனால் ஆளுக்கு 23 கிராம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 50 பேர் போனால் ஆளுக்குச் சுமார் 13 கிராம்தான். தினமும் 30 கிலோமீட்டர் பயணிக்கும் மாணவன் பைக்கை விட்டுப் பேருந்துக்கு மாறினால் நாளொன்றுக்கு ஒரு கிலோ மிச்சம். கல்லூரி நடக்கும் 200 நாட்களில் ஏறத்தாழ 200 கிலோ. ஆனால் பேருந்தே வராத ஊரிலிருந்து வரும் மாணவனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பைக்கில் வருகிறார்கள் என்று செயலி தொகுத்துக் கொடுத்தால், எந்தத் தடத்தில் கல்லூரிப் பேருந்து விடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்யலாம். மாணவனுக்குப் புத்தி சொல்வதோடு செயலியின் வேலை முடியக் கூடாது. நிர்வாகத்தின் கையில் ஒரு கோரிக்கைப் பட்டியலையும் அது கொடுக்க வேண்டும்.

ஆறாவது, மிக முக்கியமானது. மாணவன் எங்கே இருக்கிறான் என்று அந்தச் செயலி பின்தொடரவே கூடாது. பயணக் கணக்கு என்ற பெயரில் இருப்பிடத் தகவலைத் திரட்டும் செயலிகள் உண்டு. அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் சமுதாயம் கண் முன்னே கண்ட சான்று இருக்கிறது. தொழுகை நேரம் பார்க்க உலகமெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வைத்திருந்த 'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலியிலிருந்து இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வணிக நிறுவனத்துக்குப் போனது என்றும், அந்நிறுவனம் தான் திரட்டியதை அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்தக்காரர்களுக்கு விற்று வந்தது என்றும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்ற செய்தித் தளம் அம்பலப்படுத்தியது. அதன் பிறகே எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக் கொள்வதாகச் செயலியை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமும் அந்தத் தரவு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

எனவே பெயர் வேண்டாம். கைபேசி எண் வேண்டாம். இருப்பிடம் வேண்டாம். கட்டடத்தின் யூனிட், வாளியின் எடை, ஊர்வாரியாகப் பயணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். கேட்காத தகவல் ஒருநாளும் களவு போகாது.

ஏழாவது, மரம் நட்டுக் கணக்குத் தீர்க்கும் வித்தை வேண்டாம். சீனாவில் 2016-இல் தொடங்கிய 'ஆன்ட் ஃபாரஸ்ட்' என்ற திட்டம் நல்ல செயல்களுக்குப் புள்ளி கொடுத்து, அதற்கு ஈடாக உண்மையான மரங்களை நட்டது. 2019-இல் ஐ.நா.வின் விருதும் அதற்குக் கிடைத்தது. மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் இன்று எரித்த நிலக்கரிக்கு, வளருமா வாடுமா என்று தெரியாத கன்றைக் காட்டி வரவு வைப்பது, வராத கடனை இலாபத்தில் எழுதுவதற்கு ஒப்பாகும். மரத்தைத் தனிக் கணக்கில் எழுதுங்கள். மின்சாரக் கணக்கோடு கலக்காதீர்கள்.

வணிகப் பெருமக்களே!

வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கப்பட்டது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951-இல் தொடங்கப்பட்டன. இவற்றை எழுப்பியவர்கள் யார்? பெரும்பாலும் உங்களைப் போன்ற வணிகர்கள். தங்கள் வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக் கட்டடங்களை எழுப்பினார்கள். அந்த வழியில் இன்று எத்தனையோ ஊர்களில் கல்லூரிகளின் நிர்வாகம் வணிகர்களின் கையில் இருக்கிறது. மாணவர்களைச் செயலி எழுதச் சொல்லும் முன் நீங்கள் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன.

கல்லூரி முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் எந்தக் கட்டடம் எவ்வளவு செலவழிக்கிறது என்று மலக்கு வந்துதான் சொல்ல வேண்டும்! விடுதி, ஆய்வுக்கூடம், அலுவலகம், கருத்தரங்கக் கூடம் ஒவ்வொன்றுக்கும் துணை மீட்டர் பொருத்துங்கள். ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்குச் செலவழிப்பதை விட இது உருப்படியான செலவு.

அடுத்தது விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட் எடுக்கிறது. ஒரு விடுதியில் நூறு விசிறிகள், நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் சுழல்வதாக வைத்துக் கொள்வோம். நூறையும் மாற்றினால் ஆண்டுக்கு 16,200 யூனிட் மிச்சம். கரியமில வாயுவில் 11 டன்னுக்கு மேல் குறையும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,29,600 ரூபாய் மிச்சம். எந்த மாணவனும் விசிறியை நிறுத்தி வியர்வையில் படிக்க வேண்டியதில்லை. ஒரு நிர்வாகக் குழு ஒரே ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் கிடைக்கும் இந்தப் பயனை, ஆயிரம் மாணவர்கள் ஓராண்டு முழுக்கச் சார்ஜரைப் பிடுங்கினாலும் எட்ட முடியாது.

ஏ.சி. வைத்த அறைகளில் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்கிறது. முதல்வர் அறையிலிருந்தும் தாளாளர் அறையிலிருந்தும் இதைத் தொடங்கினால் மாணவர்களிடம் பேச உங்களுக்கு வாய் இருக்கும்.

இன்னொன்று. மாணவர்கள் குறைத்துக் கொடுத்தால், மிச்சமான பணத்தில் ஒரு பங்கை அந்த விடுதிக்கே திருப்பிக் கொடுங்கள். நூலகத்துக்குப் புத்தகமோ, குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரமோ, கட்டணம் கட்ட முடியாத மாணவனுக்கு உதவியோ, எதுவாகவும் இருக்கட்டும். அதன் கணக்கையும் அதே செயலியில் காட்டுங்கள். பிள்ளைகள் சிக்கனம் பிடிக்க, நிர்வாகம் மட்டும் இலாபம் பார்த்தால் இரண்டாம் மாதமே ஆர்வம் செத்துப் போகும்.

இளைஞர்களே!

செயலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் விடுதி வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினமும் இரவு பத்து மணிக்கு ஒருவர் மீட்டரைப் பார்த்து, நேற்றைய எண்ணைக் கழித்து, தங்கியிருப்பவர் எண்ணிக்கையால் வகுத்து, 'தலைக்கு இத்தனை யூனிட்' என்று எழுதட்டும். பக்கத்தில் வாளியின் எடையை எழுதுங்கள். ஒரு மாதம் இதை விடாமல் செய்யுங்கள். வெயில் கூடிய நாளில் எவ்வளவு ஏறுகிறது, விடுமுறைக்கு ஊருக்குப் போன நாளில் யாருமில்லாத கட்டடம் எவ்வளவு எடுக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். ஆளில்லாத கட்டடமும் யூனிட் எடுத்தால் எங்கோ மோட்டார் ஓடுகிறது, எங்கோ ஹீட்டர் கொதிக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வெற்றி.

அந்த ஒரு மாதக் கணக்கை வைத்துக் கொண்டு பிறகு செயலி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். பழைய கைபேசியிலும் ஓடும்படி எழுதுங்கள். சமையல்கார அண்ணனும் காவலாளி ஐயாவும் பார்த்துப் புரிந்து கொள்ளும்படி எழுதுங்கள். நீங்கள் படித்து முடித்துப் போன பிறகும் அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடரும்படி, எப்படி இயக்குவது என்று நாலு பக்கம் எழுதி வைத்து விட்டுப் போங்கள். ஓபர்லின் போட்டி இரண்டு வாரம்தான் நடந்தது. இரண்டு வாரம் யாரும் சிக்கனமாக இருந்து விடலாம். இரண்டு ஆண்டு இருப்பதுதான் கடினம். அங்கேதான் செயலி உதவ வேண்டும்.

நிர்வாகத்திடம் போய், 'எங்கள் விடுதியின் கரண்ட் பில்லை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்' என்று மரியாதையோடு கேளுங்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? கொடுக்க மறுத்தால் மீண்டும் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

வரும் கல்வியாண்டில் நமது கல்லூரிகளில் எத்தனை செயலிகள் பரிசு வாங்கின என்று நாம் கேட்கப் போவதில்லை. எத்தனை விடுதிகளின் வாசலில் யூனிட் எழுதிய பலகை தொங்குகிறது, போன ஆண்டு இதே மாதத்தை விட இந்த எண் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் கேட்போம். கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டலாம். மீட்டர் அறையைப் பூட்டி வைக்காதீர்கள்.